ஏபியூ ரோபோக்கான்

ஏபியூ ரோபோக்கான் என்பது ஆசிய-பசிபிக் பகுதி நாடுகளின் பல்கலைக்கழக, பொறியியல் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நடத்தப்படும் ரோபோ வடிவமைப்புப் போட்டி ஆகும். ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் இதனை நடத்துகிறது. முதற் போட்டி 2002ஆம் ஆண்டு சப்பானின் தோக்கியோ நகரில் நடைபெற்றது. ஒவ்வோர் ஆண்டும் வேறொரு நாடு போட்டியை ஏற்று நடத்துகிறது. நடத்தும் நாடே அவ்வாண்டுக்கான ஆட்டத்தையும் வகுத்துத் தருகிறது. இந்தியா 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் புனே நகரிலும், 2022இல் புது தில்லியிலும் இப்போட்டியை நடத்தியது.

பெயர்

'ரோபோ', 'கான்டெஸ்ட்' (போட்டி) ஆகிய இரு சொற்களையும் சுருக்கி இணைத்து சப்பானியர் உருவாக்கிய சொல்லே 'ரோபோக்கான்' ஆகும். 'ஏபியூ' என்பது ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் குறிக்கும். 1964இல் நிறுவப்பட்ட இவ்வொன்றியத்தின் தலைமைச் செயலகம் மலேசியாவின் கோலாலம்பூரில் உள்ளது. கல்விப் போட்டி ஒன்றை ஒலிபரப்பு நிறுவனங்கள் நடத்துவதற்கு இப்போட்டி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகப் பிறந்ததே காரணம் ஆகும்.

வரலாறு

மாணவர்களிடம் ஒரே வகையான பொருட்களைக் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கச் சொல்லி, பின்னர் அவ்வியந்திரங்களைத் தமக்குள் மோதவிடும் கற்பித்தல் முறை 1970களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் புகழ் பெற்றது. பேராசிரியர் வுட்டி பிளவர்ஸ் அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்.

சப்பானில் இதே எண்ணத்தை முன்னெடுத்தவர் தோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மசாகிரோ மோரி ஆவார். மனிதரை ஏறத்தாழ ஒத்திருக்கும் ரோபோக்கள் பார்ப்பவருக்கு ஒருவித அச்சத்தைத் தருவது ஏன் என்பது பற்றி 1970இல் அவர் எழுதிய கட்டுரை பெரிதும் அறியப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் தம் மாணவர்களுக்கு அவர் ஒரு பயிற்சியைத் தந்தார். உலர் மின்கலங்களின் ஆற்றலை மட்டும் கொண்டு ஒரு மனிதரைச் சுமந்து செல்லும் வண்டியை அவர்கள் செய்ய வேண்டும். ஆற்றல் குறைவாக இருக்கும்போது எண்ணம் கூர்மையாகும் என்பதே அப்பயிற்சியின் அடிப்படை.

சப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 1988இல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கான ரோபோக்கானைத் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்களுக்கான போட்டி 1991இல் தொடங்கியது. இவற்றுக்குக் கிடைத்த வரவேற்பே 2002இல் ஆசிய-பசிபிக் அளவிலான போட்டிக்கு வழிவகுத்தது.

போட்டி அமைப்பு

ஒவ்வொரு நாட்டிலும் ஒன்றியத்தின் உறுப்பு நிறுவனமான ஒலிபரப்பு நிறுவனம் முதலில் தேசியப் போட்டியை நடத்துகிறது. அதில் வெற்றி பெறும் அணி அந்நாட்டின் சார்பாகப் பன்னாட்டுப் போட்டிக்குச் செல்கிறது. பொதுவாக ஒரு நாட்டிலிருந்து ஓர் அணியும், போட்டியை நடத்தும் நாட்டிலிருந்து இரண்டு அணிகளும் கலந்துகொள்ளும்.

அணிகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு முதற்சுற்றில் ஆடுகின்றன. குழுக்களில் முன்னணி பெறும் அணிகள் தோற்றவர் வெளியேறும் சுற்றுகளுக்குச் செல்கின்றன. சிவப்பு அணி, நீல அணி என இரண்டு அணிகள் ஒரே களத்தில் ஒரே நேரத்தில் ஆடும். ஓர் ஆட்டத்தின் நேரம் பல ஆண்டுகளில் மூன்று நிமிடங்களாகவே இருந்து வந்துள்ளது. ஆட்டத்துக்கு முன் ரோபோக்களை ஆயத்தப்படுத்த ஒரு நிமிடம் அளிக்கப்படும்.

பெரும்பாலான ஆண்டுகளின் விதிகளில் 'உடனடி வெற்றி' என்னும் கூறு இடம்பெறுகிறது. வகுக்கப்பட்ட பணி முழுவதையும் ஓர் அணி முடித்துவிட்டால், எதிரணியின் புள்ளிகள் எத்தனையாக இருந்தாலும் ஆட்டம் அக்கணமே முடிவுக்கு வரும். இவ்வெற்றிக்கு நடத்தும் நாட்டின் மொழியிலிருந்து ஒரு பெயர் சூட்டுவது வழக்கம். 2014 புனே போட்டியில் இது 'சபாஷ்' எனப்பட்டது. 2016 பாங்காக்கில் 'சாய்யோ' எனவும், 2017 தோக்கியோவில் 'அப்பாரே' எனவும் அழைக்கப்பட்டது. ஆகவே ஒவ்வோர் அணியும் ஒரு முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டியுள்ளது. சிறிது சிறிதாகப் புள்ளி சேர்க்கும் நம்பகமான ரோபோவைச் செய்வதா, அல்லது முழுப் பணியையும் விரைந்து முடிக்கும், ஆனால் தவறக்கூடிய ரோபோவைச் செய்வதா என்பதே அது.

பொது விதிகள்

விதிகள் ஆண்டுதோறும் மாறினாலும் சில கூறுகள் தொடர்ந்து இருந்து வருகின்றன.

* அணியினர் அனைவரும் ஒரே கல்வி நிறுவனத்தின் மாணவர்களாக இருத்தல் வேண்டும். களத்தில் மூன்று மாணவர்கள் இறங்குவர். ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருப்பார். பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் பொதுவாக இடமில்லை.
* ரோபோக்களை மாணவர்களே வடிவமைத்துச் செய்ய வேண்டும்.
* ரோபோக்களின் மொத்த எடைக்கு உச்ச வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக 2018இல் இது 50 கிலோகிராமாக இருந்தது.
* மின்னழுத்தம் 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பதும், அழுத்தக் காற்றின் அழுத்தம் 6 பார் அளவைத் தாண்டக்கூடாது என்பதும் பல ஆண்டுகளின் விதிகளில் காணப்படுபவை.
* வெடிபொருள், தீ, ஆபத்தான வேதிப்பொருட்கள் ஆகியவற்றுக்குத் தடை உண்டு.

தொடக்க ஆண்டுகளில் ஒரு மாணவர் இயக்கும் கைவழி ரோபோவும், எவர் உதவியும் இன்றி இயங்கும் தன்னியக்க ரோபோக்களும் சேர்ந்து ஆடின. அக்காலத்தில் கைவழி ரோபோவைக் கம்பி வழியாகவோ அகச்சிவப்புக் கதிர் வழியாகவோதான் இயக்க முடிந்தது. வானலை வழிக் கட்டுப்பாடு பிற்காலத்திலேயே ஏற்கப்பட்டது.

ஆட்டக் கருப்பொருள்கள்

நடத்தும் நாட்டின் தொன்மக் கதை, திருவிழா, விளையாட்டு அல்லது புகழ்பெற்ற கட்டடம் ஒன்றைத் தழுவி ஆட்டம் அமைக்கப்படுகிறது. 2002 தோக்கியோ போட்டி பூசி மலையின் உச்சியை அடைவதாக அமைந்தது. 2006 கோலாலம்பூர் போட்டியில் இரட்டைக் கோபுரங்களையும், 2010 கெய்ரோ போட்டியில் பிரமிடுகளையும் ரோபோக்கள் எழுப்பின. 2019 உலான் பத்தூர் போட்டியில் மங்கோலியரின் பழைய குதிரை அஞ்சல் முறை கருப்பொருளாயிற்று. அதற்காக மாணவர்கள் நான்கு கால்களால் நடக்கும் ரோபோவைச் செய்ய வேண்டியிருந்தது. 2024இல் வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்த போட்டி நாற்று நடுவதையும் நெல் அறுவடையையும் தழுவியது.

ஆட்டம் ஆண்டுதோறும் மாறுவதில் ஒரு நோக்கம் உண்டு. சென்ற ஆண்டு வென்ற ரோபோவை மீண்டும் களமிறக்க இயலாது. ஆயத்தமாக விற்கப்படும் ரோபோ எதுவும் இப்பணிகளுக்குப் பொருந்தாது. எல்லா அணிகளும் ஒவ்வோர் ஆண்டும் வெற்றுத் தாளிலிருந்தே தொடங்குகின்றன.

இந்தியா வகுத்த மூன்று ஆட்டங்களும் தமிழருக்கு அன்னியமானவை அல்ல.

* கோவிந்தா (2008): கண்ணன் பிறந்தநாளையொட்டி நடைபெறும் தயிர்ப்பானை உடைக்கும் விழாவைத் தழுவியது. தமிழ்நாட்டின் உறியடியுடன் ஒப்பிடத்தக்கது. உயரத்தில் உள்ள பானைகளிலிருந்து வெண்ணெயை எடுப்பதே பணி.
* பெற்றோர்க்கு வணக்கம் (2014): 'பெற்றோர்' ரோபோவை ஒரு மாணவர் இயக்குவார். அது 'குழந்தை' ரோபோவைத் தூக்கிச் சென்று ஏற்றப்பலகை, கம்ப நடை, ஊஞ்சல், ஏறுசட்டம் ஆகிய விளையாட்டுகளில் ஈடுபடுத்த வேண்டும். குழந்தை ரோபோ தன்னியக்கமாக இயங்கும்.
* லகோரி (2022): அடுக்கிய கற்களைப் பந்தால் தட்டிவிட்டு மீண்டும் அடுக்கும் விளையாட்டு. சிறுமியர் அமர்ந்து ஆடும் ஏழாங்கல்லிலிருந்து இது வேறானது. போட்டியில் ஐந்து வட்டுகள் அடுக்கப்பட்டன. ஓர் அணியின் முதல் ரோபோ பந்தெறிந்து அடுக்கைக் கலைக்க, இரண்டாம் ரோபோ அதனை மீண்டும் அடுக்க வேண்டும். அடுக்கும் ரோபோவின் தலைமீது ஒரு பந்து வைக்கப்பட்டிருக்கும். அப்பந்தை எறிந்து வீழ்த்த எதிரணி முயலும்.

மாணவர் அணி

விதிகள் வெளியானதும் அணியின் பணி தொடங்குகிறது. களத்தில் இறங்குவோர் மூவரே எனினும், அவர்களுக்குப் பின்னால் பெரிய குழு ஒன்று இருப்பது வழக்கம். பணிகள் பொதுவாக மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. இயந்திரவியல் மாணவர்கள் சட்டகம், பற்சக்கரங்கள், பற்றும் கைகள் ஆகியவற்றைக் கவனிப்பர். மின்னியல், மின்னணுவியல் மாணவர்கள் இயக்கிச் சுற்றுகள், உணரிகள், மின்கலங்கள் ஆகியவற்றைப் பொறுப்பேற்பர். மூன்றாவது பிரிவினர் நுண்கட்டுப்படுத்திகளுக்கான நிரல்களை எழுதுவர்.

முதற்கட்டமாக விதிநூலை வரிக்கு வரி படித்தல் வேண்டும். விதிநூலில் சொல்லப்பட்டதைப் போலவே சொல்லப்படாததும் முக்கியமானது. அடுத்து, அட்டை, மரப்பலகை, நெகிழிக் குழாய் ஆகியவற்றைக் கொண்டு மாதிரிகள் செய்யப்படுகின்றன. அவற்றில் தேறும் எண்ணங்களே அலுமினியத்தில் வடிவம் பெறும். களத்தின் ஒரு பகுதியையாவது கல்லூரியில் அமைத்துப் பயிற்சி பெறும் அணிகளுக்கு நேரிடும் வியப்புகள் குறைவு. தரையின் வழுவழுப்பு, கோட்டின் நிறம், அரங்க விளக்கின் ஒளி ஆகியவை ஒரு தன்னியக்க ரோபோவின் நடத்தையை முழுவதும் மாற்றிவிடக்கூடியவை.

அணியில் தேர்ந்தவர்கள் பட்டம் பெற்று வெளியேறும்போது அவர்களின் பட்டறிவும் வெளியேறிவிடும் இடர் உள்ளது. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் வரைபடங்கள், சுற்றுப்படங்கள், நிரல்கள், தோல்விக் குறிப்புகள் ஆகியவற்றை ஆவணப்படுத்தி, இளைய மாணவர்களை முதலாண்டிலிருந்தே உதவியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளும் அணிகள் நீடித்து நிற்கின்றன.

பொறியியல் கூறுகள்

நகர்வு

வண்டியைத் திருப்பாமலே பக்கவாட்டிலும் மூலைவிட்டத்திலும் நகர அனைத்துத்திசைச் சக்கரங்கள் பயன்படுகின்றன. இவற்றுள் மெக்கானம் சக்கரம் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெங்ட் இலோன் 1970களில் உருவாக்கியது. சக்கரத்தின் விளிம்பில் சாய்வாகப் பொருத்தப்பட்ட சிறு உருளைகளே இதன் சிறப்பு. களத்தில் வரையப்பட்ட வெண்கோட்டை ஒளி உணரிகளால் அறிந்து பின்தொடர்வது தன்னியக்க ரோபோக்களின் பழைய வழிமுறை. சக்கரச் சுழற்சியை எண்ணும் குறியாக்கிகள், திரும்பும் கோணத்தை அளக்கும் சுழல் உணரிகள், ஒளிப்படக் கருவிகள் ஆகியவை பின்னர் அதனுடன் சேர்ந்தன.

காற்றழுத்த உருளை

தூக்குதல், பற்றுதல், உதைத்தல் ஆகிய விரைவான செயல்களுக்கு அழுத்தக் காற்றால் இயங்கும் உருளைகள் ஏற்றவை. 32 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளையின் உந்துதண்டுப் பரப்பு ஏறத்தாழ 804 சதுர மில்லிமீட்டர் ஆகும். 6 பார் அழுத்தம் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 0.6 நியூட்டன். எனவே உருளை தரும் விசை ஏறத்தாழ 480 நியூட்டன் ஆகும். இது 49 கிலோகிராம் நிறையைத் தூக்கத் தேவையான விசைக்குச் சமம். உள்ளங்கையில் அடங்கும் தடிமனுள்ள ஒரு கருவி இவ்வளவு விசை தருவதாலேயே மாணவர்கள் இதனை விரும்புகின்றனர். அதே காரணத்தால் விரல்கள் சிக்கும் ஆபத்தும் உண்டு. சோதனையின்போது காற்றை முழுதும் வெளியேற்றிய பின்னரே ரோபோவைத் தொட வேண்டும் என்பது பட்டறை ஒழுக்கம்.

எறிதலும் பின்னூட்டமும்

ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு இடையே பந்தைச் செலுத்தி எறிவது ஒரு பரவலான முறை. உருளையின் விட்டம் 10 செ. மீ., சுழற்சி நிமிடத்துக்கு 1500 எனக் கொள்வோம். உருளை விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.85 மீட்டர். பந்து அதே வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் வெளியேறினால், காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், அது ஏறத்தாழ 6.3 மீட்டர் தொலைவு செல்லும்.

முழுதும் மின்னேற்றப்பட்ட இலித்தியம் மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட். பயன்பாட்டின்போது அது 3.7 வோல்ட்டுக்கு இறங்கும். இயக்கியின் வேகம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொண்டால் வேகம் 12 விழுக்காடு குறைகிறது. ஆனால் எறிதொலைவு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதால் அது 22 விழுக்காடு குறையும். பந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் முன்னதாகவே விழுந்துவிடும். காலையில் இலக்கைத் தவறாது தாக்கிய ரோபோ மாலையில் தவறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். உருளையின் வேகத்தை ஓர் உணரி தொடர்ந்து அளந்து, குறையும்போது மின்திறனைக் கூட்டும் பின்னூட்டக் கட்டுப்பாடே இதற்குத் தீர்வாகும். பாடநூலில் சமன்பாடாக மட்டும் கண்ட கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் தேவையை மாணவர் நேரில் உணரும் இடம் இது.

இந்தியாவில்

இந்தியாவில் தேசியப் போட்டியைத் தூர்தர்சன் நடத்தி வருகிறது. இது டிடி ரோபோக்கான் எனவும் அழைக்கப்படுகிறது. பல ஆண்டுகள் புனே நகரிலும் பின்னர் புது தில்லியிலும் இது நடைபெற்றது. நாடெங்கிலும் இருந்து வரும் கல்லூரிகளுள் ஒன்றே பன்னாட்டுப் போட்டிக்குச் செல்ல முடியும். இந்தியா போட்டியை நடத்தும் ஆண்டில் மட்டும் இரண்டு அணிகளுக்கு வாய்ப்பு உண்டு. ஓராண்டு உழைப்பு முதற்சுற்றின் சில நிமிடங்களில் முடிந்துபோகும் அணிகளே எண்ணிக்கையில் மிகுதி.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ரோபோப் போட்டிகள் கல்லூரித் தொழில்நுட்ப விழாக்களின் வழியாகவே பெரிதும் பரவின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாஸ்திரா விழா 2000இலும், திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பிரக்யான் விழா 2005இலும், கிண்டி பொறியியல் கல்லூரியின் குருசேத்திரா விழா 2007இலும் தொடங்கின. கோட்டைப் பின்தொடரும் ரோபோ, தடைகளைக் கடக்கும் ரோபோ போன்ற சிறு போட்டிகள் இவ்விழாக்களில் இடம்பெறும். பெரிய போட்டிகளுக்குச் செல்லும் மாணவர்களுக்கு இவை முதற்படியாக அமைகின்றன. மின்னணுப் பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவும், கடைசல், பற்றவைப்புப் பணிகளுக்குத் திருச்சி, கோவை ஆகிய நகரங்களின் பட்டறைகளும் மாணவர்களுக்குத் துணை நிற்கின்றன.

பெருநகரங்களுக்கு வெளியே உள்ள மாணவர்களின் நிலை வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி போன்ற வட்டத் தலைநகரிலிருந்து பொறியியல் படிக்க வரும் மாணவர் ஒருவர், நுண்கட்டுப்படுத்தியைக் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கையில் எடுக்க நேரலாம். இவ்விடைவெளியைக் குறைக்கக்கூடிய சில மாற்றங்கள் அண்மைக் காலத்தில் நிகழ்ந்துள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. இந்திய அரசின் அடல் ஆய்வுக்கூடத் திட்டம் 2016 முதல் பள்ளிகளில் முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள் முதலியவற்றை அறிமுகப்படுத்துகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்தது.

இத்தகைய மாணவர்களுக்கு 2003ஆம் ஆண்டுப் போட்டியின் முடிவு குறிப்பிடத்தக்கது. பாங்காக்கில் நடந்த அப்போட்டியில் வென்றது தாய்லாந்தின் தலைநகரப் பல்கலைக்கழகம் எதுவும் அன்று. வடகிழக்குத் தாய்லாந்தின் சவாங் தேன் தின் என்னும் சிற்றூர்ப் பகுதியைச் சேர்ந்த தொழிற்கல்லூரி ஒன்றே வென்றது. கடைசலும் பற்றவைப்பும் கற்பிக்கும் கல்லூரிகளின் மாணவர்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணையாக நிற்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

வெற்றி பெற்ற நாடுகள் (2002-2019)

* 2002, தோக்கியோ: வியட்நாம்
* 2003, பாங்காக்: தாய்லாந்து
* 2004, சியோல்: வியட்நாம்
* 2005, பெய்சிங்: சப்பான்
* 2006, கோலாலம்பூர்: வியட்நாம்
* 2007, கனோய்: சீனா
* 2008, புனே: சீனா
* 2009, தோக்கியோ: சீனா
* 2010, கெய்ரோ: சீனா
* 2011, பாங்காக்: தாய்லாந்து
* 2012, ஆங்காங்: சீனா
* 2013, தா நாங்: சப்பான்
* 2014, புனே: வியட்நாம்
* 2015, யோக்யகர்த்தா: வியட்நாம்
* 2016, பாங்காக்: மலேசியா
* 2017, தோக்கியோ: வியட்நாம்
* 2018, நின் பின்: வியட்நாம்
* 2019, உலான் பத்தூர்: ஆங்காங்

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020இல் பிசியில் நடைபெறவிருந்த போட்டி நடைபெறவில்லை. 2021இல் சீனா நடத்திய போட்டியில் அணிகள் தத்தம் நாடுகளிலிருந்தே இணையவழியாகப் பங்கேற்றன.

பயனும் விமரிசனமும்

வகுப்பறையில் தனித்தனிப் பாடங்களாகக் கற்பவை ஒரே இயந்திரத்தில் ஒன்றுகூடுவதை மாணவர் காண்பது இப்போட்டியின் முதன்மையான பயன் ஆகும். காலக்கெடு, எடை வரம்பு, பணவரம்பு ஆகியவற்றுக்குள் முடிவெடுக்கும் பயிற்சியும், வேறு துறையினரோடு இணைந்து பணிபுரியும் பழக்கமும் கிடைக்கின்றன.

மறுபுறம், உயர்தர இயக்கிகளையும் உணரிகளையும் வாங்கும் வசதி உள்ள நிறுவனங்களுக்கு இப்போட்டியில் கூடுதல் வாய்ப்பு உள்ளது. எடை, மின்னழுத்தம், காற்றழுத்தம் ஆகியவற்றுக்கு வரம்பு வைக்கும் விதிகள் செலவுக்கு அத்தகைய வரம்பு வைப்பதில்லை. மாதக்கணக்கில் பட்டறையில் இருக்கும் மாணவர்களின் வருகைப் பதிவு, தேர்வு ஆகியவற்றைக் கல்லூரி எவ்வாறு கருதுகிறது என்பதும் பங்கேற்பைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. போட்டியைப் பாடத்திட்டத்தின் செய்முறைத் திட்டமாக ஏற்றுக்கொள்வது இதற்கு ஒரு வழியாகும்.

கலைச்சொற்கள்

* உணரி: ஒளி, தொலைவு, சுழற்சி போன்றவற்றை அளந்து மின்குறிப்பாகத் தரும் கருவி (சென்சார்)
* இயக்கி: மின்னாற்றலைச் சுழற்சியாக மாற்றும் கருவி (மோட்டார்)
* நுண்கட்டுப்படுத்தி: நிரலின்படி கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு (மைக்ரோகன்ட்ரோலர்)
* குறியாக்கி: சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதை எண்ணும் கருவி (என்கோடர்)
* பின்னூட்டம்: விளைவை அளந்து அதற்கேற்ப உள்ளீட்டைத் திருத்துதல் (பீட்பேக்)

இவற்றையும் பார்க்க

* தானியங்கியியல்
* கட்டுப்பாட்டுக் கோட்பாடு
* மசாகிரோ மோரி
* உறியடி
* தூர்தர்சன்